ஸ்டார்ட் ஆகாத வண்டி

கப்பலூர் சர்வீஸ் சென்டர் வாசலில் நாகஜோதி வண்டியை நிறுத்தியபோது தகரக் கூரையிலிருந்து பிற்பகல் வெக்கை இறங்கிக்கொண்டிருந்தது. புத்தம்புது பிக்கப். முன்கண்ணாடியில் வைத்த சந்தனம்கூட இன்னும் முழுதாக உதிரவில்லை. அதற்குள் கேட்டில் நிற்கும் காவலாளிக்கு அவள் முகம் பழகிவிட்டது. மறுபடியுமா என்று கேட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கேலி இல்லை. ஆனாலும் அவளுக்குக் காது மடல் சுட்டது.

இப்போதெல்லாம் யார் சிரித்தாலும் அவளுக்குக் காது சுடுகிறது.

பழங்காநத்தத்தில் வாடகைப் பாத்திரக் கடை நடத்துகிறாள். கல்யாண வீடுகளுக்கு நாற்காலியும் அண்டாவும் ஏற்றிப்போகத்தான் வண்டி. அது நினைத்தால் ஸ்டார்ட் ஆகும், நினைத்தால் ஆகாது. அதைவிட மோசம் இடது பக்க சீட் பெல்ட் அலாரம். ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் மட்டும் அடிக்க வேண்டியது. அவள் தனியாக ஓட்டும்போதெல்லாம் அடித்தது.

சர்வீஸுக்கு வரும் வண்டிகளைப் பார்த்து எடுத்துக்கொள்ளும் ஹரிஷங்கர் மரியாதை தெரிந்த பையன். சென்சார் மாற்றியதையும், வயரிங் மாற்றியதையும், கடைசியாக சீட்டையே மாற்றியதையும் பொறுமையாக எடுத்துச் சொன்னான். கம்ப்யூட்டரில் ஒரு கோளாறும் காட்டவில்லையாம்.

"அப்ப ஏன் தம்பி அடிக்குது?"

"யாரோ உட்கார்ந்திருக்காங்கன்னு அது நினைக்குது மேடம்."

சொன்னபிறகு அவனுக்கே என்னவோபோல் இருந்திருக்க வேண்டும். சீட்டில் பை எதுவும் வைக்காதீர்கள் என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டான்.

மெக்கானிக் சோலை வண்டியை நான்குவழிச் சாலையில் ஓட்டிப் பார்க்கப் போனான். வெகுநேரம் கழித்து வந்தவன் வண்டியை உள்ளே கொண்டுவரவில்லை. வெளியே புளியமரத்தடியில் விட்டுவிட்டு நடந்து வந்தான். நாகஜோதியின் முகத்தைப் பார்க்காமல், ஹரிஷங்கரிடம் தாழ்ந்த குரலில் பேசினான்.

"அண்ணே, இத வேற ஆள்ட்ட குடுங்க. ஏ.சி.யப் போட்டா தைல வாடை வருது. பக்கத்துல யாரோ மூச்சு வாங்குற மாதிரி இருக்கு."

"புளோயர்ல தூசி அடைச்சிருக்கும். பேய் ஓட்டுறதுக்கு நம்ம கம்பெனி தனியா ஆள் போடல சோலை."

மற்றவர்கள் சிரித்தார்கள். நாகஜோதி தரையில் சிந்தியிருந்த ஆயிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த மூச்சு யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

பக்கத்து வீட்டுச் சின்னத்தாய். இளைப்பு நோய்க்காரி. நெஞ்சில் எந்நேரமும் தைலம் தேய்த்திருப்பாள். நாகஜோதிக்குப் பெரியம்மா முறை. வண்டி வந்த மறுநாள் காலை, மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி முடித்த நேரம். முதல் ஓட்டம் உசிலம்பட்டிப் பக்கம் இருக்கிற குலசாமி கோயிலுக்கு. சாமி முன்னால் நிற்கும்வரை புது வண்டியில் வேறு எதையும் ஏற்றக் கூடாது. நோயாளியை ஏற்றுவது பற்றிப் பேச்சே இல்லை. ஏற்றிய உயிர் வழியில் போய்விட்டால் அந்த வண்டி பிறகு எந்த மங்கல காரியத்துக்கும் ஆகாது. பாத்திரக் கடை வண்டிக்கு மங்கல காரியம்தானே பிழைப்பு.

அப்போதுதான் சின்னத்தாயின் மகள் முத்துமீனா ஓடிவந்தாள். அம்மாவுக்கு மூச்சு இழுக்கிறது, முகூர்த்த நாள் என்பதால் ஆட்டோ ஒன்றும் கிடைக்கவில்லை, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடலாமா என்று கேட்டாள்.

நாகஜோதியின் கையில் சாவி இருந்தது.

"ஸ்டார்ட் ஆகலடி மீனா. ஷோரூமுக்குப் போன் போட்டுக்கிட்டு இருக்கேன்."

வாய் எப்படி அவ்வளவு சரளமாகச் சொன்னது என்று அவள் பிறகு பலமுறை யோசித்திருக்கிறாள். தெரு கேட்கிற குரலில் ஷோரூமுக்கு உண்மையாகவே போன் போட்டாள். புது வண்டி இப்படியா இருக்கும் என்று சண்டை பிடித்தாள். ஒருவழியாக வந்த ஆட்டோவில் சின்னத்தாயை ஏற்றிப்போனார்கள். தெரு காலியானதும் நாகஜோதி கோயிலுக்குக் கிளம்பினாள். ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது.

வைகைப் பாலம் தாண்டுவதற்குள் சின்னத்தாயின் மூச்சு நின்றுவிட்டது.

துக்க வீட்டுக்குப் போட்ட நாற்காலிகளுக்கு நாகஜோதி வாடகை வாங்கவில்லை. நல்ல மனசு என்றார்கள். அதை அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். கருமாதி முடிந்த அன்றுதான் முதல்முறையாக வண்டி நிஜமாகவே ஸ்டார்ட் ஆகாமல் நின்றது. அலாரமும் அன்றுதான் தொடங்கியது.

வெயில் தணிந்தபோது வண்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். கப்பலூர் தொழிற்பேட்டைக் கம்பெனிகளில் ஷிப்ட் விடும் நேரம். சாப்பாட்டுக் கூடையோடு பஸ்ஸுக்கு நின்றவர்களில் முத்துமீனாவும் இருந்தாள். கையைக் காட்டினாள். அவளைத் தாண்டிப் போக நாகஜோதிக்குத் துணிவில்லை. நிறுத்தியதும் எஞ்சின் அணைந்துவிட்டது.

முத்துமீனா ஏறி இடது சீட்டில் உட்கார்ந்தாள். ஏறியதும் ஏதோ வாடை பிடித்ததுபோல் மூக்கை உறிஞ்சினாள்.

நாகஜோதி சாவியைத் திருப்பினாள். உறுமல் வரவில்லை. மறுபடி திருப்பினாள். உள்ளங்கை வியர்த்தது. சாவியை உருவி, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கும் இப்படித்தானக்கா ஆச்சு?" முத்துமீனா கேட்டாள். குரலில் குற்றம் இல்லை. ஏதோ ஒரு பதிலை வாங்கிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறவளின் குரல்.

இப்போது சொல்லிவிடலாம் என்று நாகஜோதிக்குத் தோன்றியது. தெரு, கடை, நல்ல மனசு என்ற பேர் எல்லாம் குறுக்கே வந்து நின்றன.

"ஆமாடி," என்றாள்.

எஞ்சின் ஸ்டார்ட் ஆனது.

சாவி அவள் கையில் இருந்தது.

வண்டி மெல்ல அதிர்ந்தபடி, எந்தக் கோளாறும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. முத்துமீனா அந்தச் சாவியைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அன்னிக்கு மத்தியானம் இந்த வண்டி கோயில் வாசல்ல நின்னுச்சுன்னு சொன்னாகக்கா," என்றாள். "நான்தான் நம்பல. எங்கக்கா அப்படிச் செய்யாதுன்னு சண்டைக்குப் போனேன்."

கூடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். கதவை அறையவில்லை. அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

நாகஜோதி கியரைத் தொட்டாள். காலி சீட்டுக்கு அலாரம் அடிக்க ஆரம்பித்தது. ரோட்டை மட்டுமே பார்த்து ஓட்டினாள். தைல வாடை கண்ணைக் கரித்தது.

பழங்காநத்தம் நெருங்கும்போது இடது பக்கம் ஏதோ சரசரத்தது.

பிறகு, கிளிக் என்று ஒரு சத்தம்.

அலாரம் நின்றது.

பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். பெல்ட் இழுக்கப்பட்டு, குறுக்காகப் பூட்டியிருந்தது. வெறும் சீட்டின்மேல் தட்டையாகக் கிடக்கவில்லை. முன்னால் புடைத்து நின்றது. மெதுவாக ஏறியது. திணறி இறங்கியது. மறுபடி ஏறியது.

வீட்டுக்குத் திரும்பும் தெரு வந்தது. அவள் திரும்பவில்லை.

வைகைப் பாலத்தின்மேல் அந்த மூச்சு எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. நாகஜோதி வாய்விட்டு அழவில்லை. அழுவதற்கும் ஒரு யோக்கியதை வேண்டும் என்று பட்டது. பெரியாஸ்பத்திரி வாசலில் நிறுத்தி, சுற்றி ஓடிப்போய் இடது கதவைத் திறந்தாள். யாருக்கோ அவசரம் என்று நினைத்து ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் ஒருவர் ஓடிவந்தார்.

"பேஷண்ட் எங்கம்மா?"

நாகஜோதி உள்ளே குனிந்தாள்.

"பெரியம்மா, வந்துருச்சு," என்று கிசுகிசுத்தாள். "இறங்குங்க."

பெல்ட் ஏறி இறங்குவது நின்றது. இறங்க மாட்டேன் என்பதுபோல் அது மெல்ல, மெல்ல, சீட்டோடு இறுகியது. ஸ்ட்ரெச்சர்காரர் எட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. ஸ்ட்ரெச்சரைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

நாகஜோதி இன்னொரு முறை கூப்பிட்டாள்.

அவள் கையிலிருந்து கதவு நழுவியது. உள்ளேயிருந்து யாரோ இழுத்ததுபோல், சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.