தொப்பிக்கல்

பாறை மேல் இருந்த பெயிண்ட் ஈரமாக இருந்தது.

ஒட்டிலி தொட்ட விரலை மூக்கருகே கொண்டுபோனாள். பெயிண்ட் வாசனை இல்லை. உருளைக்கிழங்கு கொட்டி வைத்த நிலவறையைப் பல நாள் கழித்துத் திறந்தால் வருமே, அந்த ஈரமண் வாசனை. சிவப்பு, வெள்ளை, சிவப்பு என்று மூன்று பட்டைகள், ஓரம் கொஞ்சமும் பிசகாமல். மலையேறுகிறவர்களுக்கு வழி காட்டப் பாதையில் குறி போடுவது அப்படித்தான். அந்த மலையிடுக்குப் பாதைக்கு வருடா வருடம் அதைப் போடுகிறவள் அவள்தான், ஆனால் இந்தப் பாறைக்கு அவள் இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறாள். இரண்டு பெயிண்ட் டப்பாவும் அவள் முதுகுப்பையில் இருந்தன. தூரிகை இடுப்பில் தொங்கியது.

"கசியான், விளையாடறியா?"

மேலே மூடுபனிக்குள் கம்பித் தூரிகையின் சரக் சரக் நின்றது.

"என்னக்கா?"

"இங்க பெயிண்ட் அடிச்சது யாரு?"

"நீதான் அடிக்கணும். நான் வெறும் சுரண்டுற ஆளு."

"அப்ப இது என்னடா?"

"போன வருஷத்துக் குறியா இருக்கும். உனக்கு வயசாகுது, ஒத்துக்க."

மறுபடி சரக் சரக். வேலையின் முறை அதுதான். பனி உருகியதும், பாதையைத் திறப்பதற்கு முன்னால், ஒருவர் முன்னே போய்ப் பாறைகளில் பாசியையும் பழைய குறியையும் சுரண்டிக்கொண்டே ஏறுவார். மற்றவர் பின்னால் பெயிண்ட் அடித்துக்கொண்டே வருவார். இத்தனை வருடம் கூட வந்த ஆல்பர்ட்டுக்கு இந்த வசந்தத்தில் முழங்கால் காலை வாரிவிட்டது. வேறு ஆள் கிடைக்காமல்தான் தம்பியைப் பிடித்து இழுத்து வந்திருந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனுக்குக் கல்யாணம். மணப்பெண் ரோஸ்விதாவுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை.

"கல்யாணத்துக்கு முன்னால கைகால உடைச்சுக்கிட்டு வந்தான்னா, நீங்கதான் அவனக் கட்டிக்கணும்" என்று காலையில் வாசலில் நின்று சிரிக்காமல் சொன்னாள்.

"சாயங்காலம் முழுசா கொண்டுவந்து உன் கையில குடுக்கிறேன், போதுமா?" என்று ஒட்டிலி வாக்குக் கொடுத்திருந்தாள்.

மதியம் வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஓடைக்கரையில் உட்கார்ந்து மொறுமொறு ரொட்டியும் புகைபோட்ட பன்றியிறைச்சியும் சாப்பிட்டபோது, எதிர்ச் சரிவில் மண்தூண்கள் வெயிலில் பளிச்சென்று நின்றன. வண்டல்மண் தூண்கள், ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு தட்டைக் கல். தூரத்தில் இருந்து பார்த்தால் தொப்பி போட்டுக்கொண்டு யாருக்கோ காத்திருக்கும் கூட்டம் மாதிரி இருக்கும்.

"தொப்பி இருக்கிற வரைக்கும்தான் அவனுங்க ஆளு" என்றான் கசியான், வாயில் ரொட்டியோடு. "அது விழுந்துச்சுன்னா, நாலு மழை. அப்புறம் வெறும் சேறு. அதான் நான் என் தொப்பியக் கழட்டுறதே இல்ல."

"முடி கொட்டினத மறைக்க இப்படி ஒரு சாக்கா?"

சாப்பிட்ட தெம்பில் தானும் ஒரு குறி போடுகிறேன் என்று தூரிகையை வாங்கி, எடுத்த எடுப்பில் சிவப்பை இழுத்துவிட்டான். அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"முதல்ல வெள்ளைடா. அது இறுகட்டும். அப்புறம் மேலயும் கீழயும் சிவப்பு. சிவப்ப முதல்ல போட்டா வழிஞ்சு, உன் கல்யாண கேக் மாதிரி ஆயிடும்."

அதற்குப் பிறகுதான் மூடுபனி இறங்கியது. முதல் வளைவில் பனிக்குள் ஓர் ஆள் நிற்பதைப் பார்த்து, கசியான் தொப்பியைத் தூக்கி "வணக்கம்" என்றான். பக்கத்தில் போனால் அது மண்தூண். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஆனால் சிரித்து முடித்தபோது ஒட்டிலிக்கு ஒன்று உறுத்தியது. போன இலையுதிர்காலத்தில் அந்த வளைவில் தூண் எதுவும் கிடையாது. குளிர்காலத்தில் சரிவு இடிந்து உள்ளிருந்தது வெளியே வந்திருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

இப்போது ஈர விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு அடுத்த பாறைக்கு ஏறினாள். அதிலும் குறி இருந்தது. அதற்கடுத்ததிலும். எல்லாம் ஈரம், எல்லாம் நேர்த்தி. சிவப்பின் விளிம்பு வெள்ளையின் மேல் ஏறியிருந்தது, அப்படியானால் வெள்ளையை முதலில் போட்டிருக்கிறார்கள். கசியானுக்கு அந்தப் பொறுமை பிறப்பிலேயே கிடையாது.

மேலிருந்து அவன் குரல் கேட்டது. "வணக்கம்!"

யாரோ எதிரே இறங்கி வருகிறார்கள். அந்த மலையில் எதிரே வருகிறவருக்கு வணக்கம் சொல்லாமல் போவது, சாப்பாட்டுத் தட்டைத் தட்டிவிடுவதற்குச் சமம். தெரிந்தவரா, தெரியாதவரா, மந்திரியா, மாடு மேய்ப்பவரா என்று பார்ப்பதில்லை. கண்ணில் பட்டதும் வாய் தானாகச் சொல்லிவிடும். ஒட்டிலிக்கு எரிச்சல்தான் வந்தது. கீழே தடுப்புக் கம்பு போட்டிருக்கிறது, மேலேயும் போட்டிருக்கிறது, அப்படியும் தாண்டிக் குதித்து வருகிற ஜன்மங்கள். பாதை ஓராள் அகலம். ஒரு பக்கம் பாறைச்சுவர், மறுபக்கம் ஓடை வரை வெறும் பள்ளம். வழிவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்று, சொல்ல வேண்டிய திட்டை நாக்கில் தயாராக வைத்துக்கொண்டாள்.

யாரும் வரவில்லை.

பனி நகர்ந்தது. ஓடையின் இரைச்சல் பஞ்சு வைத்து அடைத்தாற்போல் மெல்ல மெல்ல அமுங்கி, கடைசியில் அவளுடைய சட்டை உரசும் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது.

"வணக்கம்" என்றான் கசியான் மறுபடி. கொஞ்சம் பொறுத்து, "வணக்கம், வணக்கம்." ஒரு கூட்டமே கடந்து போகிறாற்போல.

பாதையில் ஒரு கூழாங்கல்கூட உருளவில்லை.

"ஆமா, மேல வரைக்கும்தான்" என்றது அவன் குரல். நடுவில் ஒரு மௌனம். யாரோ எதையோ கேட்கிறார்கள், அந்தப் பாதி மட்டும் அவள் காதுக்கு எட்டவில்லை. "ஆமா, கல்யாணம். அடுத்த ஞாயிறு."

மறுபடி மௌனம்.

"இல்ல, தனியா வரல. அக்கா பின்னாடிதான் வர்றா."

ஒட்டிலி பயந்துவிட்டாள். இத்தனை வருட மலையேற்றத்தில் வழி தவறியிருக்கிறாள், பனிச்சரிவில் மாட்டியிருக்கிறாள், மின்னலுக்குத் தப்பியிருக்கிறாள். ஆனால் இப்படிப் பயந்ததில்லை.

"கசியான், கீழ இறங்கி வா. யார்கூடவும் பேசாத. வா."

சரக் சரக் கேட்டது. கம்பித் தூரிகை கல்லில் உரசும் சத்தமில்லை அது. இன்னும் மிருதுவானதில் உரசும் சத்தம். பிறகு அதுவும் நின்றது. அந்த இடத்தில் வேறொன்று தொடங்கியது. தப்... தப்... நனைந்த தூரிகையின் சத்தம், அவளுக்கு அது தெரியாதா. இடுப்பைத் தடவிப் பார்த்தாள். அவளுடைய தூரிகை அங்கேயேதான் தொங்கியது.

திரும்பி ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. ரோஸ்விதாவுக்குக் கொடுத்த வாக்கு ஞாபகம் வந்தது. கால் சொன்னதைக் கேட்காமல் மேலே ஏறினாள்.

பாதையோரப் பாறையில் கசியானின் பச்சைத் தொப்பி இருந்தது. விழுந்து கிடக்கவில்லை, யாரோ எடுத்து, தூசி தட்டி, மரியாதையாக வைத்த மாதிரி இருந்தது.

அதை எடுத்துக்கொண்டாள். உள்ளே இன்னும் சூடு.

அடுத்த வளைவு. பனி. பனிக்குள் ஓர் ஆள்.

வணக்கம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து அதை விழுங்கினாள்.

தூண். கசியான் உயரம். உச்சியில் தட்டைக் கல். ஈர வண்டல்மண், அதில் வரிசையாகச் சட்டைப் பொத்தான்கள். நெஞ்சின் குறுக்கே மூன்று பட்டைகள். சிவப்பு, வெள்ளை, சிவப்பு. இன்னும் காயவில்லை.

கல்லுக்குக் கீழே இரண்டு கண்கள் அசைந்தன.

"அக்கா" என்றது. "ரொம்ப கனக்குதுக்கா."

அவள் யோசிக்கவில்லை. யார்தான் யோசிப்பார்கள்? தொப்பியைக் கீழே போட்டாள், இரண்டு கையாலும் கல்லைப் பிடித்து, முழு பலத்தையும் கொடுத்துத் தூக்கினாள். கல் வந்தது. அதற்குக் கீழே அவன் நெற்றி, அவன் மிச்ச முடி, அவன் மூச்சு. கசியான் நீளமாக மூச்சு விட்டான். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"வந்துட்டேன்டா. போயிரலாம். வீட்டுக்குப் போயிரலாம்."

அவள் கையில் ஒரு சொட்டு விழுந்தது.

மழை.

இன்னொரு சொட்டு அவன் நெற்றியில் விழுந்து, புருவத்தின் மேல் கோடாக வழிந்தது. வழிந்த கோட்டோடு புருவமும் வழிந்தது. பழுப்பாக. சேறாக. கன்னத்தில் இறங்கி, முகவாயில் சொட்டியது.

"அக்கா" என்றான், குழந்தையில் இருட்டைப் பார்த்துப் பயந்து அவளை எழுப்புவானே, அந்தக் குரலில்.

கல்லைத் திரும்ப அவன் தலைமேல் வைத்தாள். உட்காரவில்லை. வழுக்கியது. இந்தப் பக்கம் சரித்தாள், அந்தப் பக்கம் சரித்தாள். உட்காரவே இல்லை. கையை எடுத்தால் விழுந்துவிடும். விழுந்தால் மழை. நாலு மழை என்று அவனே சொன்னான். இது முதல் மழை, இப்போதே ஒரு புருவம் இல்லை.

பிடித்துக்கொண்டே நின்றாள். இரண்டு கையையும் உயர்த்தி, அவன் முகத்தோடு முகமாக.

"விட்டுராதக்கா."

"விடமாட்டேன்."

மழை வலுத்தது. கல்லின் விளிம்பிலிருந்து தண்ணீர் அவள் மணிக்கட்டு வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. கை வலித்தது. பிறகு கடுத்தது. பிறகு வலி நின்றுவிட்டது. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

பின்னால் காலடிச் சத்தம்.

அவசரமில்லாத நடை. ஒருவரில்லை, பலர். மேலிருந்து வரிசையாக இறங்கி வந்தார்கள். அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். நிலவறை வாசனை. பாதை ஓராள் அகலம்; அவர்கள் நிற்க அங்கே இடமே கிடையாது.

"வணக்கம்" என்றது ஒரு குரல். தன்மையான குரல்.

அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"வணக்கம்" என்றது இன்னொன்று. பொறுமையாகக் காத்திருந்தது.

மாட்டேன். சொல்லமாட்டேன். கல். கல்லை மட்டும் பார். கசியானின் கண்ணை மட்டும் பார். மழை விடும். ரோஸ்விதா தேடி ஆள் அனுப்புவாள். மாட்டேன்.

அவளுக்கு முன்னால் கசியானின் வாய் திறந்தது. பாதி உதடு கரைந்துவிட்ட வாய்.

"வணக்கம்" என்றான் அவர்களுக்கு, பழக்கதோஷத்தில். பிறகு அக்காவைப் பார்த்துக் கொஞ்சம் வெட்கத்தோடு, "சொல்லுக்கா. சொல்லாம இருந்தா மரியாதையில்ல."

பிறந்ததிலிருந்து மலையில் கேட்ட வணக்கம் எதையும் அவள் பதிலில்லாமல் விட்டதில்லை. அந்தச் சொல் மழையில் ஒலித்தபோதுதான் அது தன் குரல் என்று அவளுக்குத் தெரிந்தது.

பின்கழுத்தில் ஏதோ பட்டது. குளிர்ந்து, நனைந்து, மிருதுவாக. இடமிருந்து வலமாக ஒரே சீரான இழுப்பு.

தோள்வழியாக ஒரு சொட்டு முன்னால் இறங்கி, சட்டையின் மேல் நின்றது. ஒட்டிலி கல்லைப் பிடித்தபடியே கண்ணைத் தாழ்த்திப் பார்த்தாள். சரியாகத்தான் போடுகிறார்கள்.

முதலில் வெள்ளை.