ஏழெட்டு எவ்வளவு?

திடீரென்று வீசிய காற்றில் அவள் கையிலிருந்த அட்டைகள் அத்தனையும் பறந்தன. பஸ் நிறுத்தத்துக் கூரைக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஐயோ... வாரம் முழுக்க உட்கார்ந்து புள்ளி வைத்த அட்டைகளாயிற்றே!

யாரோ ஒருவன் மழையில் பாய்ந்தான். குனிந்து குனிந்து பொறுக்கினான். சொட்டச் சொட்ட வந்து நின்றான். அகன்ற தோள்கள்... சிரிக்கும் கண்கள்... இமை நுனியில் ஒரே ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டு. அவள் ஏனோ அந்தத் துளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தாங்க. என்னங்க இது, வரிசை வரிசையா புள்ளி? சீட்டாட்டமா?"

"கணக்குங்க. வாய்ப்பாடு சொல்லிக்குடுக்க."

"அட, எங்க வீட்லயும் இதே கூத்துதான்! அக்கா பொண்ணு மூணாங்கிளாஸ். அவளுக்கு ஒரு டீச்சர் வாய்ச்சிருக்காங்க பாருங்க... மனப்பாடம் பண்ண வைக்காம புள்ளி காட்டி விளையாடிட்டிருக்காங்களாம். ஏழெட்டு எவ்வளவுன்னு கேட்டா எங்க சிட்டு வாய்க்கு வந்ததைச் சொல்லுது!"

சிட்டு! அவள் முகத்திலிருந்த புன்னகை போன இடம் தெரியவில்லை.

"அந்த டீச்சர் நான்தான்."

மழைத்துளி விழுந்தேவிட்டது.

"நீங்கதான் அந்த நீச்சல் கோச் மாமாவா? தினமும் அவளை நிக்க வச்சு ஸ்டாப்வாட்சைப் பிடிக்கறவர்?"

அசடு வழிந்தவனுக்கு இப்போது ரோஷம் வந்தது. "பிடிச்சா என்ன தப்பு? எங்கிட்ட வர்றவங்க எல்லாருக்கும் அதான். கடிகாரம் ஓடினாத்தான் வேகம் வரும்."

"வேகம் வந்துடுச்சு சார். கணக்குதான் காணாமப் போச்சு!"

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்த பிறகுதான், அட்டைகளுக்கு நன்றி சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்தது. சொல்லமாட்டேன், போ! அந்தக் கண்ணுக்கு இந்த வாயா...

மறுநாள் வகுப்பில் சிட்டுவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"ஏழெட்டு?"

"நாப்பத்தொண்ணு!" கேள்வி முடிவதற்குள் பதில்.

"ஏன்டா கண்ணா இவ்ளோ அவசரம்?"

"டக்குனு ஏதாவது சொன்னா மாமா கடிகாரத்தை நிறுத்திடுவார் டீச்சர். அப்புறம் கேக்கமாட்டார்." குழந்தை பென்சிலைக் கடித்தது. "மாமாவுக்கு இப்பல்லாம் என்னைப் பிடிக்கறதில்லை. நான் ஸ்லோ..."

டீச்சர் அந்தப் பென்சிலை மெல்ல வாங்கி வைத்தாள். அப்பா இல்லாத வீடு. அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ், ஷிப்ட் மாறி மாறி ஓடுகிறவள். அந்தக் குழந்தைக்கு எல்லாமே மாமாதான். அந்த மாமாவையே அது இழந்துகொண்டிருந்தது. அவரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். ஆனால் நானா கூப்பிடுவது? பஸ் நிறுத்தத்தில் யாரென்றே தெரியாமல் என்னைத் திட்டியவனையா? ரோஷம் ஒரு பக்கம் இழுத்தது. குழந்தை முகம் இன்னொரு பக்கம் இழுத்தது. குழந்தைதான் ஜெயித்தது.

மாலையில் அவன் விறைப்பாக வந்தான். இருந்ததெல்லாம் குழந்தைகள் நாற்காலிதான். உட்கார்ந்ததும் முழங்கால் தாடையைத் தொட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, சிட்டு சொன்னதைச் சொன்னபடியே சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

விறைப்பெல்லாம் எங்கோ போயிற்று.

"பிடிக்கலைன்னா சொன்னா..?" என்று கேட்டான். "அப்பா இல்லாத குறை தெரியக்கூடாதுன்னுதான் டீச்சர்... எனக்குத் தெரிஞ்சது அந்த ஒரே வழிதான். தப்பு என்மேலதான். அன்னைக்கு உங்களைப் பேசினதும் தப்பு. நான் என்ன செய்யணும், சொல்லிக்குடுங்க."

அவள் ஓர் அட்டையை எடுத்தாள். ஏழு வரிசை, வரிசைக்கு எட்டுப் புள்ளி. கடைசி இரண்டு வரிசையை உள்ளங்கையால் மறைத்தாள்.

"அஞ்செட்டு?"

"நாப்பது."

கையை எடுத்தாள். "இன்னும் ரெண்டெட்டு?"

"பதினாறு... நாப்பதும் பதினாறும்... அம்பத்தாறு! அட!"

"மறந்துபோனாலும் போய்ச்சேர வழி தெரியுதில்ல? வழி தெரிஞ்சா பயம் போயிடும். தினமும் கொஞ்ச நேரம் இப்படி விளையாடுங்க. வேகம் தன்னால வரும்."

அவன் குழந்தை மாதிரி சிரித்தான். அவள் அட்டைகளை அடுக்க ஆரம்பித்தாள்... அடுக்கி முடித்த கட்டையே மறுபடியும் அடுக்கினாள்.

சில வாரம் கழித்து, பள்ளி விடும் நேரத்தில் சிட்டு அவன் கையை இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"டீச்சர்! இப்ப நான்தான் மாமாவைக் கேக்கறேன். ஆறேழுல முழி முழின்னு முழிக்கறார்! நான்தான், அஞ்சேழு முப்பத்தஞ்சு, கூட ஒரு ஏழுன்னு எடுத்துக் குடுத்தேன்!"

"சரிதான்டி, மானத்தை வாங்காதே!"

சிட்டு ஊஞ்சலுக்குப் பறந்துவிட்டாள். அவன் சிட்டுவையே பார்த்தபடி நின்றான். "நேத்து தானா வந்து என் மடியில படுத்துக்கிட்டா டீச்சர். எவ்ளோ நாளாச்சு... உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை."

"நான்தான் சொல்லணும்."

"நீங்களா? எதுக்கு?"

"சொன்னதைக் கேட்டதுக்கு." என்றாள் அவள். "குறை சொல்ல நிறையப் பேர் வருவாங்க. 'தப்பு என்மேலதான், சொல்லிக்குடுங்க'ன்னு யாரும் கேட்டதில்லை. எங்க வீட்லகூட நான் வாயைத் திறந்தா, பாடம் எடுக்க ஆரம்பிச்சுட்டாடான்னு சிரிப்பாங்க. நீங்க ஒருத்தர்தான்..."

அவள் கண்கள் நிறைந்துவிட்டன.

"அப்போ இன்னொண்ணும் சொல்லிடறேன்," என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு. "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்ப... சிட்டுவுக்காகன்னு நினைச்சுடாதீங்க. நன்றிக்காகவும் இல்லை. இது எனக்காக. பதிலுக்கு அவசரமே இல்லைங்க. எத்தனை நாள் வேணும்னாலும் யோசிங்க. நான் காத்திருப்பேன்."

காத்திருப்பானாம்... இந்த அவசரக்காரன்!

"யோசிக்க என்ன இருக்கு?" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்து. "எனக்கும் உங்களைத்தான் பிடிச்சிருக்கு."