ஈனிட் வீட்டு நோட்டீஸ்

பகல் இரண்டு மணிக்கு லைல் தன் வண்டியை ஈனிட் மெக்ராரியின் வீட்டு வாசலில் நிறுத்தினான். வறண்ட காட்டின் முல்கா மரங்களுக்கு நடுவே தகரக் கூரை போட்ட மர வீடு. ஈனிட் செத்து மூன்று வருடமாகிறது, வீடு பூட்டியே கிடக்கிறது. வெயில் நாற்பத்து மூன்று டிகிரி. எந்நேரமும் கத்திக் காதைக் கிழிக்கும் கலா கிளிகள்கூட அன்று வாயைத் திறக்கவில்லை.

வந்த வேலை பத்து நிமிட வேலைதான். மீட்டர் பெட்டியின் ஃபியூஸைப் பிடுங்கி இணைப்பைத் துண்டிக்க வேண்டும். இதற்கு என்னை விட்டால் வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று காலையிலிருந்து அவனுக்கு எரிச்சல்.

கையிலிருந்த ரேடியோ கரகரத்தது. டவுன் மின்வாரிய அலுவலகத்திலிருந்து கோலீன்.

"லைல், ஒரு சிக்கல்ப்பா. அந்த வீடு இன்னும் உயிர்காப்புப் பட்டியல்லயே இருக்கு. ஆக்சிஜன் மெஷின்னு போட்டிருக்கு, சும்மா கரண்டை வெட்ட முடியாது."

"அந்தம்மாதான் போய்ச் சேர்ந்துட்டாங்களே!"

"எனக்குத் தெரியாதா? அவங்க சாவுக்கு சாண்ட்விச் போட்டதே நான்தான். ஆனா பேரை யாரும் எடுக்கச் சொல்லல, லெட்டர் போட்டாலும் பதிலில்ல. விதி தெரியும்ல? மெஷின் தேவைப்படுறவங்க அங்க யாருமில்லன்னு நீ நேர்ல கேட்டுச் சொல்லணும். பேசுறது பதிவாகுது, பாத்துக்க."

"யார்கிட்ட கேக்குறது, பல்லிகிட்டயா?"

"பல்லி பதில் சொன்னா அதையும் எழுதிக்கிறேன். போய்யா, கதவைத் தட்டு."

லைலுக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் இருந்தது.

மூன்று வருடம் முன்பு, கம்பி மாற்றுவதற்காக ஒரு நாள் முழுக்க மின்சாரத்தை நிறுத்த வேண்டியிருந்தது. பட்டியலில் உள்ள வீட்டுக்கு நான்கு வேலை நாள் முன்னதாகவே நோட்டீஸைக் கையில் கொடுத்தாக வேண்டும். லைலுக்கோ அன்று மாலை கிரிக்கெட் ஆட்டம். வீடு வரை பன்னிரண்டு கிலோமீட்டர் யார் போவது? சாலை முக்கில் தபாலுக்கு வைத்திருந்த இரண்டு பீப்பாய்களில் ஒன்றில் காகிதத்தைப் போட்டுவிட்டு, 'நேரில் கொடுத்தேன்' என்று எழுதிவிட்டான். பீப்பாய்மேல் எழுதியிருந்த பெயரெல்லாம் வெயிலில் அழிந்துபோயிருந்தது. அவன் போட்டது ஆளில்லாத பக்கத்துப் பண்ணையின் பீப்பாயில்.

மின்சாரம் நின்ற அன்று ஈனிட்டின் மூச்சும் நின்றது. எண்பத்தொரு வயது, இதயம் போயிற்று என்றார்கள். அன்றே போய் அந்தக் காகிதத்தை எடுத்துக் கிழித்துப்போட்டவன் லைல். வேலை போய்விடும் என்ற பயம். பாவி, இதுவரை ஒரு ஆளிடமும் சொல்லவில்லை.

தட்டிப் பார்த்துவிட்டு, ஈனிட் கால்மிதிக்கடியில் வைத்திருந்த சாவியைப் போட்டு உள்ளே போனான். முகப்பவுடர் வாசனையும் வெந்த ரப்பர் நாற்றமும் கலந்து வந்தன. படுக்கையறை காலி. மெஷினை ஆஸ்பத்திரிக்காரர்கள் அப்போதே கொண்டுபோய்விட்டார்கள், அதன் நான்கு சக்கரங்கள் அழுத்திய தடம் மட்டும் தரைவிரிப்பில் இருந்தது.

"கரண்ட் இல்லாம மூச்சு விட முடியாதவங்க யாராவது இருக்கீங்களா?"

கேட்டு முடித்ததும் அவனுக்கே வெட்கமாக இருந்தது. பதில் இல்லை. வெளியே வந்து மீட்டர் பெட்டியைத் திறந்தான். ஃபியூஸைப் பிடுங்கினான்.

வீட்டுக்குள் 'பீ...ப்' என்று நீளமாக ஒரு சத்தம் எழுந்தது.

மின்சாரம் போனால் ஆக்சிஜன் மெஷின் போடுகிற சத்தம்.

உள்ளேதான் மெஷினே இல்லையே!

மீட்டர் பெட்டிக்குப் பின்னால், பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம், யாரோ சிரமப்பட்டு மூச்சை இழுத்தார்கள். அவன் காதுக்கு நேராக.

"லைல்... கண்ணு..."

மீட்டர் பார்க்க வரும்போதெல்லாம் அவனுக்கு டீயும் பூசணி ஸ்கோன் ரொட்டியும் கொடுத்துப் பேசிய ஈனிட்டின் அதே குரல்.

"நோட்டீஸ்... வரலையே."

திறந்தே இருந்த ரேடியோவில் கோலீன் பதறினாள். "யாரு லைல் அது? நோட்டீஸ்னு ஏதோ கேட்டுச்சே?"

சொல்லிவிடடா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. பதிவாகிறது, ஒரு வாக்கியம் போதும், மூன்று வருடப் பாரம் இறங்கிவிடும். ஆனால் வேலை? ஊரில் தலைகாட்ட முடியுமா?

"காத்து," என்றான். "இங்க யாருமில்ல. நோட்டீஸ் அன்னிக்கே கையில கொடுத்தாச்சு."

சத்தம் சட்டென்று நின்றது. மூச்சும் நின்றது. கதவைப் பூட்டக்கூட நிற்காமல் வண்டியை எடுத்தான்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, டவுனில் அவன் தனியாக இருக்கிற வீட்டுக்குக் கோலீன் போன் செய்தாள்.

"என்னப்பா, வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காங்கன்னு சொல்லவே இல்ல?"

"விருந்தாளியா?"

"இப்பதான் ஒரு பெரியம்மா போன் பண்ணாங்க. உன் விலாசத்தை உயிர்காப்புப் பட்டியல்ல சேக்கணுமாம், ஆக்சிஜன் மெஷின் இருக்காம். பேரைக் கேட்டேன், மூச்சு வாங்குச்சு, பாவம். சொன்னா உடனே பதியணும்ல, பதிஞ்சுட்டேன்."

"எடுத்துடு கோலீன். இப்பவே எடுத்துடு."

"அவங்களே வேண்டாம்னு சொல்லாம எப்படிய்யா எடுக்குறது? இனிமே அங்கயேதான் இருக்கப் போறாங்களாம். அப்புறம் உனக்கு ஒரு சேதி."

"என்ன?"

"நோட்டீஸ் எதுவா இருந்தாலும் நீ தூரம் அலைய வேண்டாமாம். கையிலயே கொடுத்துடலாமாம்."

பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. அதற்குள் ஒரு மெஷின் சீராக ஓடிக்கொண்டிருந்தது.