பொம்மைக்கு மூச்சு முட்டுகிறது

"ஐயோ... என்னைக் கொல்றாங்க!"

அலறியது பேஷண்ட்.

எதிரே நின்ற நர்சிங் மாணவி பதறவில்லை. ஏனென்றால் அந்தப் பேஷண்ட் ஒரு ரப்பர் பொம்மை!

நர்சிங் கல்லூரியின் பயிற்சி வார்டு அது. பொம்மை கண் சிமிட்டும், மூச்சு விடும், பேசவும் செய்யும். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கன்ட்ரோல் ரூம். அங்கே யார் மைக்கைப் பிடித்தாலும், பொம்மையின் வாயிலிருந்து ஒரே கிழவர் குரல்தான் வரும். இன்று மைக்கில் டியூட்டர் மேடம். பிராக்டிகல் பரீட்சை. பக்கத்து வகுப்பில் பிரின்சிபாலும் மற்ற மாணவிகளும் பெரிய திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவளுக்கு இது கடைசி வாய்ப்பு. ஊசியைத் தொட்டாலே கை உதறும் என்பதால் தோழிகள் வைத்த பெயர் 'நடுக்கம்'. இதிலும் கோட்டை விட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"பயப்படாதீங்க தாத்தா. எங்க வலிக்குது?"

"எனக்கு... இன்சுலின் அளவுக்கு மீறிப் போட்டுட்டாங்க... நடுக்கம், இது பரீட்சை இல்லம்மா..."

திக்கென்றது!

அந்தப் பட்டப்பெயர் மேடத்துக்குத் தெரியாதே! மானிட்டரைப் பார்த்தாள். நாடி, மூச்சு, பிரஷர்... சாகக் கிடப்பதாகப் புலம்பும் பேஷண்ட்டுக்கு எல்லாம் நார்மல்.

கறுப்புக் கண்ணாடியில் ஓர் உள்ளங்கை பதிந்தது... மெல்ல வழுக்கிக் கீழே இறங்கியது.

மேடத்தை யாரோ...!

கதவை நோக்கி ஓடினாள். அது திறந்தது. வாசலில் டியூட்டர் மேடம்!

"மேடம்! நல்லவேளை... உங்களுக்கு ஒண்ணும்..."

மேடம் இங்கே இருந்தால், மைக்கில் யார்?

முதுகுக்குப் பின்னால் பொம்மை பேசியது.

"மேடம்தாம்மா போட்டாங்க... வார்டு மருந்தை இவங்க திருடறதை கேமராவுல பாத்துட்டேன்... நான் கன்ட்ரோல் ரூம் டெக்னீஷியன் பேசறேன்..."

அவள் ஓரடி பின்வாங்கினாள்.

மேடம் நிதானமாகக் கன்ட்ரோல் ரூம் சாவியைக் கோட் பாக்கெட்டில் போட்டாள். கேமராவைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஸ்டூடன்ட்ஸ், கவனிங்க. பேஷண்ட் குழம்பிப்போய் உளர்றார். நர்ஸ் அதை அப்படியே நம்பிட்டாங்க. பதட்டத்துக்குப் பத்து மார்க் குறைக்கறேன்."

"இது பரீட்சை இல்ல! உள்ள டெக்னீஷியன் அண்ணா செத்துட்டிருக்கார்! யாராவது வாங்களேன்!"

பக்கத்து வகுப்பில் கைதட்டல்!

"என்னமா நடிக்கறாடி!"

மேடம் அவள் காதோரம் குனிந்தாள். "நல்லாக் கத்து. இன்னும் கொஞ்ச நேரம்தான். அவன் தூங்கிடுவான்."

"சர்க்கரை... கொஞ்சம்..." பொம்மையின் குரல் தேய்ந்தது.

அவளுக்கு அழுகை முட்டியது. கத்தினால் நடிப்பு என்கிறார்கள், அழுதால் மார்க் குறைகிறது. பரீட்சை எழுத வந்த எவளும் கனவில்கூடச் செய்யாத ஒன்றைச் செய்தாக வேண்டும்.

கட்டிலின் பக்கக் கம்பியை இறக்கினாள். பொம்மையின் அக்குளில் கை கொடுத்தாள். இழுத்தாள்!

"ஏய்! என்ன பண்றே?" மேடத்தின் முகம் வெளிறியது.

தொம்!

பிரின்சிபால் எங்கெங்கோ கெஞ்சி வாங்கிய பொம்மை. தலை ஒரு பக்கம், கை ஒரு பக்கம்.

அடுத்த நொடி கதவு படாரென்று திறந்தது! பிரின்சிபால். பின்னாலேயே மொத்த வகுப்பும்.

"அடிப்பாவி! என் பொம்மை!"

"பொம்மையை விடுங்க மேடம்! சாவி இவங்க பாக்கெட்ல!"

டியூட்டர் ஓடப் பார்த்தாள். வாசலை அடைத்துக்கொண்டு நின்றது வகுப்பு.

கன்ட்ரோல் ரூம் தரையில் டெக்னீஷியன். வியர்வையில் தெப்பமாக நனைந்திருந்தார். பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து குளுக்கோஸ் பறந்து வந்தது. பிரின்சிபால் தலையசைக்க, அவளே நரம்பைத் தேடினாள். கை உதறிக்கொண்டேதான் இருந்தது. ஆனாலும் ஊசி சரியாக ஏறியது.

"நான் ஃபெயிலா மேடம்?"

"பேஷண்ட்டைக் கட்டில்லேர்ந்து தள்ளினவளுக்கு வேற என்ன போடறது?" பிரின்சிபால் முறைத்தார். பிறகு அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். "இந்தப் பேஷண்ட் பொழச்சார்னா பாஸ்."

டெக்னீஷியன் கண் திறந்தார்.

"எவ்வளவு கூப்பிட்டேன்... ஒருத்தரும் வரலையே. அப்புறம் எப்படி வந்தீங்க?"

"பொம்மை விழுந்துடுச்சுண்ணா."

துள்ளி எழுந்து உட்கார்ந்தார் அவர்.

"ஐயையோ! அதுக்கு அடிகிடி படலையே?"