கைகாட்டியின் மேல் ஒரு சிவப்புக் கட்டம்

டடடடடடட...

சுவரில் துளை போடுகிறார்கள் என்றுதான் முதலில் அவள் நினைத்தாள். ஆனால் இந்தச் சத்தம் மெல்லியது... தகரத்தை நகத்தால் சுரண்டுவதுபோல. ஓரக்கண்ணால் பார்த்தாள். மணல் குவியலுக்குப் பக்கத்தில் ஒருவன் ஒற்றை முழங்காலில் உட்கார்ந்திருந்தான். முகம் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு கேமரா. அதன் நீண்ட மூக்கு நேராக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

திட்டக்கூட முடியவில்லை. ஆறு மாடி உயரத்தில் ஒரு கட்டு இரும்புக் கம்பி தொங்கிக்கொண்டிருந்தது. அவள் கை அசைந்தால்தான் கிரேன் அசையும். கம்பியைப் பதமாக இறக்கி, விரல்களை மூடி 'நில்' என்று காட்டி, கொக்கி கழன்ற பிறகுதான் விறுவிறுவென்று அவனிடம் போனாள்.

"யாரைக் கேட்டு என்னைப் படம் எடுத்தீங்க?"

அவன் கேமராவை இறக்கினான். வலது கண்ணைச் சுற்றி ரப்பர் வளையம் அழுத்திய தடம் இருந்தது. அந்தக் கண் இடது கண்ணைவிடக் கொஞ்சம் ஈரமாக...

'ஈரமா இருந்தா உனக்கென்ன' என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

"உங்களை எடுக்கலைங்க. கட்டடத்தை எடுக்கச் சொல்லி ஆபீஸ்ல அனுப்பியிருக்காங்க."

"கட்டடம் அந்தப் பக்கம் இருக்கு."

"நீங்க குறுக்க வந்துட்டீங்க..."

"நான் காலையில இருந்து இதே இடத்துல நிக்கிறேன். கட்டடமும் எங்கயும் போகல. நீங்கதான் நகர்ந்து வந்திருக்கீங்க."

"அது வந்துங்க... ஆட்டோஃபோகஸ். முன்னால எது நிக்குதோ அதைத் தானா பிடிச்சுக்கும். நம்ம கையில எதுவும் இல்ல."

"ஒரு படத்துக்கு அவ்வளவு சத்தமா?"

"ஒரு படம் இல்லைங்க. அழுத்திப் பிடிச்சா ஒரு செகண்டுக்கு ஏழு. அசையுறதை அப்படித்தான் எடுக்கணும். ஒண்ணு தவறினாலும் இன்னொண்ணு கிடைக்கும்."

"கட்டடம் அசையுதா?"

அவன் காது மடலோடு சிவந்தது. பொய் சொல்கிறவனுக்குத்தான் அப்படிச் சிவக்கும் என்று அவள் அங்கேயே முடிவு கட்டினாள்.

அந்தக் கட்டடத்தில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. கைகாட்டி என்பார்கள். எட்டு மாடி உயரத்துக் கூண்டில் உட்கார்ந்து கிரேன் ஓட்டுகிறவருக்குக் கீழே நடப்பது சரியாகத் தெரியாது. அவருக்குக் கண் இவள் கைதான். விரித்த கையைக் கீழ்நோக்கித் தட்டினால் இறக்கு. மூடினால் நில். கூண்டில் இருப்பவர் அவளுடைய அக்கா வீட்டுக்காரர். மாமாதான் இந்த வேலையை வாங்கிக் கொடுத்தார். அவள் இருப்பதும் அக்கா வீட்டில்தான்.

"ஆபீஸ் ஆளா இருப்பான்டி," என்றாள் சாந்து குழைக்கிற அக்கா. "யாரு சும்மா நிக்கிறா, யாரு தண்ணி குடிக்கப் போறான்னு படம் பிடிச்சுக் குடுப்பான். போன கட்டடத்துல அப்படித்தான் நாலு பேரை வீட்டுக்கு அனுப்பினாங்க."

"அப்படியா சொல்றீங்க?"

"இல்லேன்னா உன் கண்ணைப் பார்த்து விழுந்திருப்பான்."

"எந்தக் கண்ணு? சிமெண்ட் தூசி விழுந்து செவந்து கிடக்கே, இதுவா?"

அதன்பிறகு அவள் உஷாரானாள். தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டாள். தூணுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள், அந்தப் பக்கம் நின்று பார்த்தாள். எங்கே நின்றாலும் அந்தச் சத்தம் தேடிக்கொண்டு வந்தது. ஒருநாள் டீ கொண்டுவந்து நீட்டினான். வாங்கித் தூண் ஓரம் வைத்தாள். சாயங்காலம்வரை அது அங்கேயே ஆறிக் கிடந்தது. காரியம் இல்லாமல் எவன் டீ வாங்கிக் கொடுப்பான்?

ஒரே ஒரு தடவை... காற்று மணலை வாரி இறைத்தபோது, தன் கண்ணை மூடிக்கொள்ளாமல் கேமராவை நெஞ்சோடு அணைத்துக் குனிந்தான் அவன். கைப்பிள்ளையை மறைப்பதுபோல. அவளுக்கு அது பிடித்திருந்தது. பிடித்ததற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது.

வியாழக்கிழமை கண்ணாடி ஏற்றினார்கள். கதவைவிட இரண்டு மடங்கு பெரிய கண்ணாடி. அதை ஏழாம் மாடி விளிம்பைத் தாண்டித் தூக்கி, பிறகு மெதுவாக இறக்கி உள்ளே வாங்க வேண்டும். தினமும் நடப்பதுதான். அன்றைக்கு விளிம்பில் ஒரு பலகை நீட்டிக்கொண்டிருப்பதை அவள் கண்டாள். சட்டென்று கையை மூடினாள். கண்ணாடி நிற்கவில்லை. இறங்கிக்கொண்டே வந்தது. பலகையில் இடித்தது. பிறகு வெள்ளைமழைபோல்...

நல்லவேளையாக யாருக்கும் அடி இல்லை. இன்ஜினியர் இருவரையும் நிறுத்திக் கேட்டார்.

"கை இறக்கச் சொல்லிச்சு, இறக்கினேன்," என்றார் மாமா. அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் நில்லுன்னுதான் காட்டினேன் சார்."

"ரெண்டு பேர்ல ஒருத்தர் சொல்றது பொய். சனிக்கிழமைக்குள்ள எனக்குத் தெரியணும். தப்பு யார் மேலயோ அவங்க இந்த வேலைக்கு வர வேண்டாம்."

அன்று வீட்டில் அக்கா தட்டை வைத்த சத்தமே ஒரு பேச்சாக இருந்தது.

"ஒத்துக்கிட்டுப் போனா என்னடி? உனக்கு இன்னொரு வேலை கிடைக்கும். அவருக்கு அந்தக் கூண்டை விட்டா வேற என்ன தெரியும்?"

"செய்யாததை எப்படிக்கா ஒத்துக்கிறது?"

"நீ செய்யலன்னு உனக்கு அவ்வளவு நிச்சயமா?"

அந்தக் கேள்வி முள்ளாகத் தைத்துவிட்டது. முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் நின்று கையை மூடினாள், விரித்தாள், மூடினாள். நாள் முழுக்கக் கை தூக்கிய தோள் வலி விரல்வரை இறங்கியிருந்தது. ஒருவேளை விரல் சரியாக மடங்கவில்லையோ? இத்தனை நாள் கேமராக்காரனைச் சந்தேகப்பட்டவள் இப்போது தன் கையையே சந்தேகப்பட்டாள். அதைவிடக் கொடுமை வேறு இல்லை.

அப்போதுதான் நினைவு வந்தது. கண்ணாடி உடைவதற்கு முன்னால்... டடடடடடட. அவன் அங்கேதான் இருந்தான்.

மறுநாள் காலை வாசலிலேயே அவனை மறித்தாள்.

"நேத்து எடுத்த படத்தைக் காட்டுங்க."

"அது... சரியா வரலைங்க."

காது சிவந்தது.

"அழிச்சிட்டீங்களா?"

"இல்ல..."

"அப்ப காட்டுங்க."

"காட்டுற மாதிரி இல்லைங்க. விட்டுடுங்க."

அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடாத குறையாகப் போனான். மதியம் ஆபீஸ் அறைக்குள் அவன் நுழைவதையும், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வருவதையும் அவள் பார்த்தாள். சரிதான்... கொடுத்துவிட்டான். படத்தில் என் கை விரிந்துதான் இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டு என் முகத்தில் விழிக்கக் கூச்சப்படுகிறான்.

மூன்று மணிக்கு மழை பிடித்தது. வேலையை நிறுத்தினார்கள். அவள் வீட்டுக்குப் போகவில்லை. அவனுடைய போட்டோக் கடை இருக்கும் தெருவை விசாரித்துக்கொண்டு நனைந்தபடியே போய்ச் சேர்ந்தாள்.

சின்ன அறை. ஒரு வெள்ளைத் துணி, ஒரு முக்காலி, குடைபோல் விரிந்த இரண்டு விளக்குகள், சுவரில் ஒரு நாள்காட்டி. இமையில் மழைத்துளி நிற்க, அவள் வாசலில் நின்றதைப் பார்த்து அவன் எழுந்துவிட்டான்.

"துண்டு தரட்டுமா?"

"உண்மையைத் தாங்க."

அவன் கண் மேசைப் பக்கம் போனது. மேசையில் கேமரா கிடந்தது. அவளே எடுத்தாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது, முக்கால் செங்கல் அளவுக்கு. கண்ணில் வைத்து அவனைப் பார்த்தாள். நடுவில் குட்டியாக ஒரு கட்டம்.

"பட்டனைப் பாதி அழுத்துங்க," என்றான் பழக்கத்தில்.

அழுத்தினாள். 'பீப்' என்றது. கட்டம் சிவப்பாக மின்னியது. பின்னால் சுவரில் இருந்த நாள்காட்டியின் எண்கள் பளிச்சென்று தெரிந்தன. இரண்டடி தூரத்தில், ஓரமாக நின்ற அவன் மட்டும் புகைபோல் மங்கிப்போனான்.

கேமராவை இறக்காமலே கேட்டாள்.

"முன்னால நீங்கதான் நிக்கிறீங்க. உங்களைப் பிடிக்காம சுவத்தைப் பிடிக்குதே?"

அவன் நாள்காட்டியைத் திரும்பிப் பார்த்தான்.

"முன்னால நிக்கிறதைத் தானா பிடிக்கும்னு சொன்னீங்க."

அவள் கட்டைவிரல் பின்பக்கத்தில் ஒரு பொத்தானைத் தொட்டது. கட்டம் ஒரு படி நகர்ந்தது. இன்னொரு படி... இன்னொன்று... அவன் சட்டைக்கு வந்து, கழுத்துக்கு ஏறி, முகத்தில் நின்றது. மறுபடி பாதி அழுத்தினாள். பீப். சுவர் கரைந்தது. அவன் தெளிந்தான். வலது கண்ணைச் சுற்றிய தடமும், சிவந்த காதும்...

"இந்தக் கட்டத்தை நகர்த்துறது யாரு?"

அவன் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டான்.

"கட்டைவிரல்," என்றான் கடைசியாக.

"யாரு கட்டைவிரல்?"

"...என்னோடதுதான்."

பிறகு மறுபேச்சு இல்லாமல் படங்களைத் திரையில் ஓடவிட்டான். நாற்பத்தொரு படம். ஒரே மூச்சில் எடுத்தவை. எல்லாவற்றிலும் அந்தச் சிவப்புக் கட்டம் அவள் முகத்தில் உட்கார்ந்திருந்தது. பின்னால் கூண்டும் கண்ணாடியும் மங்கலாக. முதலில் கை விரிந்திருந்தது. அப்புறம் விரல்கள் மடங்கின. பதினெட்டாம் படத்தில் கை இறுக மூடிவிட்டது. அந்தப் படத்தில் கண்ணாடி விளிம்புக்கு மேலே இருந்தது. அதிலிருந்து பதினான்கு படங்கள்... இரண்டு செகண்ட்... மூடிய கை அசையாமல் நிற்க, கண்ணாடி மட்டும் படத்துக்குப் படம் கீழே இறங்கிக்கொண்டே வந்தது.

அவள் தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டாள்.

"இதை ஏன் மறைச்சீங்க?"

"கண்ணாடி ஏறுறதை எடுக்கத்தான் அனுப்பினாங்க. ஒரு படம்கூடத் தெளிவா இல்லையேன்னு மதியம் ஆபீஸ்ல பிடிச்சுக்கிட்டாங்க. கேமரா கோளாறுன்னு சொல்லிட்டேன். இதைக் காட்டினா என் வேலை போகும். அதுகூடப் பரவாயில்ல... கட்டம் எங்க இருக்குன்னு எல்லாரும் பார்ப்பாங்க. உங்க மாமா பார்ப்பாரு. உங்களை நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க. அதான் பயந்துட்டேன்."

"என் கை பொய் சொல்லுச்சுன்னு பேசினா பரவாயில்லையா?"

அவன் தலை நிமிர்ந்தது.

"இல்லைங்க. நாளைக்கு நானே காட்டுறேன். நீங்க வராம இருந்திருந்தாலும் காட்டியிருப்பேன்னு சொல்ல ஆசையா இருக்கு. ஆனா... தெரியல."

அவள் அவன் காதைப் பார்த்தாள். சிவக்கவில்லை.

சனிக்கிழமை ஆபீஸ் அறையில் படங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. இன்ஜினியர் இரண்டு தடவை பார்த்தார். மாமா மூன்றாம் தடவையும் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"வெயில் கண்ணாடியில பட்டுக் கண்ணுல அடிச்சுது சார். தினமும் அந்த இடத்துல இறக்குன்னுதான் காட்டுவா. கையைப் பார்க்காமலே இறக்கிட்டேன்... அப்புறம் அவ இறக்கச் சொன்னதாவே எனக்குத் தோணிப்போச்சு."

"ஒத்துக்கிட்டதால வேலையில இருங்க. ஆனா ஒரு மாசம் கூண்டு கிடையாது, கீழ்வேலை," என்றார் இன்ஜினியர். அப்புறம் கேமராக்காரன் பக்கம் திரும்பினார். "உங்களைக் கட்டடத்தை எடுக்கச் சொன்னேன்."

"ஆமாங்க."

"திங்கக்கிழமையில இருந்து கட்டடத்தைப் பார்க்கிற ஆளைக் கூப்பிட்டுக்கிறேன்."

வெளியே வந்ததும் மாமா அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்பா, நாற்பது படத்துலயும் என்னைப் புகை மாதிரி எடுத்து வெச்சிருக்கியே. ஒண்ணுலயாவது மூஞ்சி தெரிய எடுத்திருக்கக் கூடாதா?"

மாமா அவளிடம் திரும்பினார். குரல் தணிந்தது.

"உன் கையைப் பார்க்காதது என் தப்பு. அக்காகிட்ட நானே சொல்றேன்." இரண்டடி போய்த் திரும்பினார். "மீதியை நீ வந்து சொல்லிக்கோ."

அவள் தன் இடத்துக்குப் போய் நின்றாள். கூண்டில் புது ஆள் ஏறிக்கொண்டிருந்தார். கிரேனின் கொக்கி வெறுமையாகத் தொங்கியது. கேமராக்காரன் பையை மாட்டிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தான். மணல் குவியலைத் தாண்டும்போது ஒரு தடவை திரும்பினான்.

அவள் கையை உயர்த்தினாள். விரல்களை மூடினாள்.

நில்.

கட்டடமே பார்த்துக்கொண்டிருந்தது. சாந்து குழைக்கிற அக்கா கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் அசையாமல் நின்றான். அவள் நடந்து போய், முதல் நாள் நின்ற அதே தூரத்தில் நின்றாள்.

"போறீங்களா?"

"போகச் சொல்லிட்டாங்களே."

"என்கிட்ட ஒண்ணு சொல்லாம போறீங்க."

அவன் மண்ணைப் பார்த்தான். பிறகு அவளை.

"முதல் நாள் கட்டடத்தைத்தான் எடுக்க வந்தேன். நீங்க கையைத் தூக்குனீங்க... மேல அவ்வளவு பாரம் தொங்குது, உங்க முகத்துல ஒரு பதட்டம் இல்ல. அப்பதான் கட்டம் உங்ககிட்ட வந்துச்சு. அப்புறம் அதை அங்கிருந்து நகர்த்த மனசே வரல. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. இது தானா வரல... நானாதான் சொல்றேன்."

அவள் தொப்பியைக் கழற்றினாள். தூசி படிந்த கண்கள் அவனை நேராகப் பார்த்தன.

"அப்ப அந்தக் கட்டத்தை நகர்த்தாதீங்க," என்றாள் மெல்ல. "எடுங்க. இந்தத் தடவை நான் குறுக்க வரல... நானா வந்து நிக்கிறேன்."

அவன் கேமராவைத் தூக்கினான்.

டக்.

ஒன்றே ஒன்று.

"ஏன், ஏழு எடுக்கலையா?"

கேமராவுக்குப் பின்னாலிருந்து அவன் காது சிவப்பது தெரிந்தது. இந்தத் தடவை அவள் அதைச் சந்தேகப்படவில்லை.

"ஒண்ணு போதுங்க," என்றான். "நீங்கதான் எங்கயும் போகப் போறதில்லையே..."