அழாத வார்டில் மூன்று காய்ச்சல்

"என் பொண்ணு என்னைப் பாத்ததும் போர்வையை இழுத்து மூஞ்சிய மூடிக்கிட்டா, மேடம்."

சுகாதார அலுவலகத்தின் மாடியறையில், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த பெண் இதைச் சொன்ன பிறகுதான் அழுதாள். அதுவரை விவரம் விவரமாக, தேதி தேதியாகச் சொல்லிக்கொண்டு வந்தவள். ஒரு பெரிய விடுதியின் சலவைப் பிரிவில் துணி தேய்க்கிறவள். இஸ்திரிப்பெட்டி பட்ட வடு ஒன்று மணிக்கட்டில் இருந்தது.

எதிரே இருந்த அதிகாரியை ஊரிலுள்ள ஆஸ்பத்திரிகள் எல்லாம் முதுகுக்குப் பின்னால் 'கிருமியம்மா' என்று அழைத்தன. நோயாளிக்கு ஆஸ்பத்திரியிலேயே தொற்று ஏற்பட்டால் அது எந்த வழியாக வந்தது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. இருபது வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு இதற்கு வந்தவர். குரலை உயர்த்த மாட்டார், ஆனால் முட்டாள்தனத்தைக் கண்டால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அன்றாடம் பார்க்கும் ஆட்களின் லட்சணத்தில், அந்தக் கண்ணாடி எப்போதும் பளபளவென்றே இருந்தது.

"முதல்லேருந்து சொல்லுங்கம்மா," என்றார்.

சலவைக்காரியின் மகளுக்கு ஆறு வயது. ரத்தப் புற்றுநோய். தினம் கையில் ஊசி குத்த முடியாது என்பதால், காறை எலும்புக்குக் கீழே துளையிட்டு, இதயத்துக்குப் பக்கத்துப் பெரிய ரத்தநாளம் வரை ஒரு மெல்லிய குழாய் வைத்திருந்தார்கள். எல்லா மருந்தும் அதன் வழியாகத்தான் போகும். மூன்று வாரத்துக்கு முன்னால் அந்தக் குழாயில் கிருமி புகுந்து காய்ச்சல் வந்தது. வைத்தியம் தொடங்கியது, காய்ச்சல் இறங்கியது. நான்காம் நாள் முன்பைவிடக் கடுமையாக, உடம்பு தூக்கிப் போடும் குளிரோடு திரும்ப வந்தது. அடுத்த படுக்கைகளில் இன்னும் இரண்டு குழந்தைகளுக்கும் அதே கதை.

"நான் எல்லாப் பிள்ளைங்க கிட்டயும் போயி கதை சொல்லுவேன். அதைப் பெரிய டாக்டர் பிடிச்சுக்கிட்டார். 'ஊரார் அழுக்குத் துணியில புழங்குற கை, அதான் கிருமி'ன்னு சொல்லிட்டார். அஞ்சு நாளா வார்டுக் கண்ணாடிச் சுவத்துக்கு வெளியிலதான் நிக்கிறேன். அதுகூடப் போகட்டும். என் பொண்ணு கிட்டயே, 'உங்கம்மாதான் உனக்குக் காய்ச்சல் கொண்டாந்தா'ன்னு சொல்லியிருக்கார்."

கிருமியம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"நாளன்னிக்குக் காலைல மயக்கம் குடுத்து அந்தக் குழாயை எடுக்கப் போறாங்க. அவ கண்ணை மூடுறதுக்கு முன்னாடி என்னை நம்பணும் மேடம். வேற எதுவும் நான் கேக்கலை."

"விஷயம் புரிஞ்சிடுச்சு மேடம்!" என்றார் மூலையிலிருந்த சோதனைக்கூடக்காரர். நாற்பத்தைந்து வயது, தொப்பை, தோளில் மாதிரி எடுக்கும் பெட்டி. துப்பறியும் கதைகளை மூட்டை மூட்டையாகப் படித்து, எந்த ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தாலும் ஒரு கொலைகாரனைத் தேடுகிறவர். "யாரோ வேணும்னே பண்றாங்க!"

"பெட்டியில குப்பி இருக்கா பாருங்க," என்றார் கிருமியம்மா. "கிளம்பலாம்."

வார்டு வாசலிலேயே ஒரு பித்தளைப் பலகை பல்லை இளித்தது. 'அழாத வார்டு' என்று விருது. கொடுத்தது ஏதோ ஒரு குழு. அதன் கீழே, ஏறத்தாழ அதே மினுமினுப்போடு, தலைமை மருத்துவர் நின்றிருந்தார். புகைப்படக்காரர் இல்லாத நேரத்திலும் புகைப்படத்துக்கு நிற்பது போலவே நிற்கும் பேர்வழி.

"உங்களுக்கு வீண் அலைச்சல்," என்றார். "காரணத்தை நான் கண்டுபிடிச்சாச்சு. அந்த அம்மா என்ன வேலை பண்றாங்கன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். ரத்தப் பரிசோதனை முடிவைக் காட்டுங்க."

காட்டினார். முதல் காய்ச்சலில் மூன்று குழந்தைகளுக்கும் தோலில் சாதாரணமாக இருக்கும் கிருமி. இரண்டாம் காய்ச்சலில் வேறு கிருமி. மூன்று பேருக்கும் ஒரே கிருமி. முதலில் வந்த தாளிலேயே 'ஈரத்திலும் தேங்கிய நீரிலும் வளர்வது' என்று கீழே குறிப்பு எழுதியிருந்தார்கள். அதற்கும் கீழே தலைமை மருத்துவரின் கையெழுத்து, ஒன்பது நாளுக்கு முந்தைய தேதியோடு, அரைப் பக்கத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது.

"மூணாவது குழந்தைக்கு ரெண்டாவது காய்ச்சல் எப்ப வந்தது?"

"முந்தாநாள்."

"அந்த அம்மாவை வெளியில நிறுத்தி அப்ப மூணு நாள் ஆயிருக்குமே?"

"கிருமி உள்ளே போனதும் மணியடிச்சுட்டா வரும்? நாளாகும் மேடம்," என்று தலைமை மருத்துவர் சிரித்தார். தன் நகைச்சுவைக்குத் தானே முதலில் சிரிக்கும் வழக்கம் அவருக்கு உண்டு. மற்றவர்கள் சம்பளத்துக்காகச் சேர்ந்துகொள்வார்கள்.

கிருமியம்மா வார்டைச் சுற்றி வந்தார். சுவர்ப் பலகையில் எட்டுக் குழந்தைகளின் வயது எழுதியிருந்தது: நான்கிலிருந்து பதினொன்று வரை. அந்தப் பதினொரு வயதுக்காரியை எல்லோரும் 'பெரிய மனுஷி' என்றார்கள். அவளுக்கும் முதல் காய்ச்சல் வந்திருந்தது. மற்ற மூவருக்கும் கொடுத்த அதே மருந்து, அதே வைத்தியம். ஆனால் அவளுக்கு இரண்டாம் காய்ச்சல் வரவே இல்லை.

"சலவை அம்மா உனக்குக் கதை சொல்லலையா?"

"எனக்குத்தான் அதிகமா சொன்னாங்க," என்றாள் பெரிய மனுஷி. "மருந்து போடுறப்பகூட நான் அழ மாட்டேன். நெஞ்சுக்குள்ள ஜில்லுன்னு போகும், எனக்குப் பிடிக்கும். இதுங்க எல்லாம் பயந்தாங்கொள்ளிங்க."

சோதனைக்கூடக்காரர் இதற்குள் தரை துடைக்கும் வாளியை மோந்து பார்த்து, மருந்துக் கிடங்குக்காரரின் முழியே சரியில்லை என்று காதைக் கடித்தார். கிருமியம்மா நர்ஸ்கள் அறைக்குள் நுழைந்தார். ஒரு கைகழுவும் தொட்டி, ஒரு பூச்சாடி, மருந்து வைக்கும் குளிர்பெட்டி, அதன்மேல் குழந்தைகளின் பால் பாட்டிலைச் சூடாக்கும் மின்கருவி ஒன்று. அதில் பாதி வரை தண்ணீர், சிவப்பு விளக்கு எரிந்தது. முன்பக்கத்தில் 'அன்பளிப்பு: தலைமை மருத்துவர்' என்று தங்க எழுத்தில் ஒட்டியிருந்தார்கள்.

"நாலு குப்பி எடுங்க," என்றார். "குழாய்த் தண்ணி, வாளித் தண்ணி, பூச்சாடித் தண்ணி, பாட்டில் சூடாக்குற இந்தத் தண்ணி. எதுல கிருமி வளருதுன்னு இன்னிக்கே வச்சுப் பாருங்க."

வெளியே வரும்போது சலவைக்காரியின் மகள் அவரைக் கூப்பிட்டாள். தலையில் முடியில்லை, கண்கள் மட்டும் பெரிதாக இருந்தன.

"ஆன்ட்டி, எங்கம்மா கையில இன்னும் பூச்சி இருக்கா?"

கிருமியம்மா கட்டிலருகே குனிந்தார். "இல்லடா கண்ணு," என்றார். குழந்தை நம்பவில்லை. முன்பின் தெரியாத ஒரு ஆன்ட்டியையும் பெரிய டாக்டரையும் தராசில் வைத்தால் எந்தத் தட்டு இறங்கும் என்பது ஆறு வயதுக்கே தெரியும்.

குழாயை எடுக்க வேண்டிய நாள் காலை எட்டு மணிக்கு, கிருமியம்மா நர்ஸ்கள் அறையில் நான்கு பேரை உட்கார வைத்தார். தலைமை மருத்துவர், மூத்த நர்ஸ், சலவைக்காரி, முடிவுத்தாளை மடியில் வைத்துக்கொண்டு நிலைகொள்ளாமல் தவித்த சோதனைக்கூடக்காரர்.

"சீக்கிரம் முடிங்க. எனக்கு வேலை இருக்கு," என்றார் தலைமை மருத்துவர்.

"எனக்கும்தான்," என்றார் கிருமியம்மா. "முதல் காய்ச்சல்ல மர்மம் எதுவும் இல்லை. இந்தக் குழாய் வச்ச பிள்ளைங்களுக்கு எந்த ஊர்லயும் வரக்கூடியது. அதுக்கு வைத்தியம் என்ன? ரத்தத்துல மருந்து ஏத்துறதோட, குழாய்க்குள்ளயும் கொஞ்சம் மருந்தை நிரப்பி, மூடி, மணிக்கணக்கா அப்படியே நிறுத்தி வைக்கிறது. சரியா சிஸ்டர்?"

"சரி மேடம்."

"ரெண்டாவது காய்ச்சல் வந்த மூணு பேருக்கும் அந்த மருந்து நிரப்புனீங்க. நிரப்பாத பிள்ளைங்க நாலு பேர் இருக்காங்க, ஒருத்தருக்கும் வரலை. இந்த அம்மா எட்டுப் பேர் கிட்டயும்தான் போனாங்க. ஆக, கிருமி கதையோட போகலை, மருந்தோட போயிருக்கு."

"மருந்திலயே கலப்படம்!" என்று சோதனைக்கூடக்காரர் துள்ளினார். "மருந்துக் கிடங்குக்காரர்!"

"உட்காருங்க. கலப்படம்னா பெரிய மனுஷிக்கும் வந்திருக்கணுமே? அவளுக்கும் அதே மருந்துதான். என்ன வித்தியாசம்? அவளே சொன்னா. அவளுக்கு ஜில்லுன்னு போகுது."

மூத்த நர்ஸின் முகம் வெளுத்தது.

"குளிர்பெட்டியில இருக்கிற மருந்து எல்லாருக்கும் ஜில்லுன்னுதானே போகணும்? இவளுக்கு மட்டும் ஏன் போகுது? அப்ப மத்தவங்களுக்கு யாரோ சூடு பண்ணிக் குடுக்கிறாங்க. எதுல? இந்த வார்டுல சின்னப் பிள்ளைக்கே நாலு வயசு. பால் பாட்டில் குடிக்கிறது யாரு, டாக்டர்? நீங்களா?"

தலைமை மருத்துவரின் கண் கருவியின் தங்க எழுத்துக்குப் போய்த் திரும்பியது. மூத்த நர்ஸ் எழுந்து நின்றாள்.

"நான்தான் மேடம். மருந்து ஏத்தி வச்ச சிரிஞ்சை மூடியோட அந்தத் தண்ணியில பத்து நிமிஷம் நிறுத்துவேன். குளிர்ச்சியா போனா பிள்ளைங்க அழுதாங்க. பெரிய மனுஷி மட்டும் அப்படியே போடச் சொல்லுவா. மூடி போட்டிருக்கேன்னு நினைச்சேன்…"

"மூடி இடுக்குல தண்ணி ஏறும். கழட்டுறப்ப முனையில ஒரு சொட்டு நிக்கும். அதையே குழாயில மாட்டுறீங்க. உள்ள இருக்கிற மருந்து தோல் கிருமியைக் கொல்லும், தண்ணிக் கிருமியை ஒண்ணும் பண்ணாது. நாள் முழுக்க உள்ளேயே உக்காந்து வளரும்." சோதனைக்கூடக்காரரைப் பார்த்தார். "சொல்லுங்க."

"பாட்டில் சூடாக்குற தண்ணியில மட்டும் வளந்திருக்கு மேடம். பிள்ளைங்க ரத்தத்துல இருந்த அதே கிருமி!"

தலைமை மருத்துவருக்கு உயிர் வந்தது. "பாத்தீங்களா! சிஸ்டர், யாரைக் கேட்டு இந்த வேலை பண்ணீங்க? இப்பவே எழுதி…"

ஏழு நாள் ஒருத்தியின் தலையில் வைத்திருந்த பழியை அரை நொடியில் இன்னொருத்தி தலைக்கு மாற்றிவிட்டார். இந்த ஒரு வித்தையில் மட்டும் அவருக்குக் கை நடுங்கியதே இல்லை.

"விருதுக் குழு வர்றதுக்கு முன்னாடி நீங்கதானே சார் அதை வாங்கிட்டு வந்தீங்க?" என்றாள் நர்ஸ். அழுகை வந்தாலும் குரல் உடையவில்லை. "'ஒரு பிள்ளைகூட முகம் சுளிக்கக் கூடாது, மருந்தை இதுல வெதுவெதுன்னு பண்ணிப் போடுங்க'ன்னீங்க. சாதாரணத் தண்ணி ஊத்தலாமான்னு கேட்டேன். சின்ன விஷயத்துக்கெல்லாம் என்கிட்ட வராதேன்னுட்டீங்க."

"அவர் பேர்தான் அதுலயே ஒட்டியிருக்கே," என்றார் கிருமியம்மா. "குற்றவாளி தன் பேரைத் தங்க எழுத்துல எழுதி வச்சிட்டுப் போறதை நான் இப்பதான் பாக்கிறேன். சிஸ்டர் பண்ணினது தப்பு, அதையும் எழுதுவேன். ஆனா தண்ணிக் கிருமின்னு பதினோரு நாள் முன்னாடியே உங்க மேஜைக்கு எழுதி வந்தது. படிக்காமலே கையெழுத்துப் போட்டீங்க. படிச்சிருந்தா, அந்த விளக்கை அன்னிக்கே அணைச்சிருந்தா, மூணாவது குழந்தைக்குக் குளிர் வந்திருக்காது."

எழுந்துபோய்க் கருவியின் மின்கம்பியைப் பிடுங்கினார். பிறகு சலவைக்காரியிடம் திரும்பினார். "உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன்மா. குழாயை எடுத்துத்தான் ஆகணும். இந்தக் கிருமி உள்சுவத்துல வழவழன்னு படிஞ்சு ஒட்டிக்கும், மருந்து ஏறாது. ரத்தம் சுத்தமானதும் புதுசு வைப்பாங்க. மருந்து கேக்குது, பொண்ணு பிழைச்சுக்குவா."

"சரி மேடம்."

"சரி சரி, இந்த அம்மா உள்ளே போகலாம்," என்றார் தலைமை மருத்துவர், பிச்சை போடுகிற தோரணையில். "முடிஞ்சுதா?"

சலவைக்காரி அசையவில்லை. "நான் சொன்னா அவ நம்ப மாட்டா சார். நீங்க சொன்னதைத்தானே நம்புனா? நீங்களே வந்து மாத்திச் சொல்லுங்க."

"குழந்தைகிட்டயா? அதெல்லாம் எதுக்கு…"

கிருமியம்மா கண்ணாடியைக் கழற்றினார். தலைமை மருத்துவர் எழுந்தார்.

வாசலிலேயே சலவைக்காரி நின்றுவிட்டாள். தலைமை மருத்துவர் கட்டிலருகே போய்த் தொண்டையைக் கனைத்தார். "பாப்பா, சிகிச்சை நடைமுறைகள்ல சில சமயம் எதிர்பாராத சூழ்நிலைகள்…"

குழந்தை அவரை மலங்க மலங்கப் பார்த்தது.

"அதாவது… காய்ச்சல் உங்கம்மாவால வரலை."

"அப்ப யாரால?"

அவர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் தலை குனியவில்லை. கிருமியம்மாவைப் பார்த்தார், அங்கேயும் இடமில்லை. ஊருக்கெல்லாம் சொற்பொழிவாற்றுகிற வாய், ஒரு சொல்லை மென்று மென்று துப்பியது.

"என்னால."

குழந்தை தலையைத் திருப்பியது. வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தது, மறுபடி அவரைப் பார்த்தது.

"அப்ப நீங்கதான் கண்ணாடிக்கு வெளியில நிக்கணும்," என்றாள். "ஏழு நாள்."

குழந்தைப் பேச்சு என்று யாராவது சிரித்துவைப்பார்கள் என அவர் காத்திருந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே சலவைக்காரி அவரைத் தாண்டி உள்ளே வந்தாள். தலைமை மருத்துவர் வெளியே போனார்.