அவிழ்க்காத கண்ணி

ரிக்‌ஷா அச்சே தெருவில் நின்றது. புது மனைவி ரொஸ்னாவோடு வீட்டுக்குள் நுழைந்த அப்துல் அஜீஸ் சன்னலைத் திறக்கவில்லை. நேரே அடுப்படிக்குப் போய் உத்தரத்தை அண்ணாந்து பார்த்தான். இதென்ன கூத்து என்று அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"வீட்டுல கயித்தை வளையமா முடிஞ்சு வைக்காதே ரொஸ்னா. பொழுது சாஞ்சு மஃரிபு தொழுகை வர்றதுக்கு முன்னாடி அவுத்துடணும்."

"ஏன் மச்சான்?"

"கண்ணு மாதிரி தொறந்திருக்கு. அதான் கண்ணின்னு பேரு வச்சாங்க. தொறந்த கண்ணு வழியா யாராச்சும் பாப்பாங்க லா."

துறைமுகத்துச் சரக்குப் படகில் அவன் தண்டல், படகோட்டிகளுக்குத் தலைவன். படகை விட்டு இறங்குமுன் எல்லாக் கண்ணியையும் அவிழ்ப்பது அவர்கள் வழக்கம்; செத்தவர்கள் அதன் வழியே பார்ப்பார்களாம். ரொஸ்னாவின் ஊரில் காடை பிடிக்கிற சுருக்குக்குத்தான் கண்ணி என்று பேர். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வாரமே, துணி காயப்போடும் கயிறு உத்தரத்திலிருந்து தொங்கியது. நுனியில் ஒரு கண்ணி. அதில் இரட்டை முடிச்சு.

ஒரு தலை நுழையும் அளவு.

அவிழ்க்கப் போய் அவளுக்கு நகம் பெயர்ந்தது. அஜீஸ்தான் வந்து அவிழ்த்தான்.

"நீயா போட்டே?"

"எனக்கு இந்த முடிச்சே தெரியாது மச்சான்."

"ஆமா... இது படகுக்காரங்க முடிச்சு. வீட்டுப் பொம்பளைக்கு வராது."

வீட்டில் இருப்பதோ இரண்டே பேர். இவனே போட்டுவிட்டு நாடகம் ஆடுகிறானா? அன்றிலிருந்து அவன் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவும் அவளுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் அவன் படகுக்குப் போன பிறகு பார்த்தால், மறுபடியும் கண்ணி தொங்கியது. அடுப்படி முழுக்கக் கற்பூர வாசனை, செத்த உடம்புக்கு, மய்யித்துக்குப் போடுகிற கற்பூரம்.

பக்கத்து வீட்டு ஆசியா பீவிதான் அந்தத் தெருவில் பெண் மய்யித்துகளைக் குளிப்பாட்டுகிறவள். ரொஸ்னா அவளிடம் ஓடினாள்.

"லாத்தா, அவரோட மொத பொஞ்சாதி சலேஹா காய்ச்சல்லதானே மவுத்தாப் போனா?"

ஆசியா பீவி கதவைச் சாத்தினாள்.

"கழுத்துல கயித்துத் தடம் இருந்துச்சு புள்ளே. தானா தொங்கிட்டாள்னு நெனச்சு மறைச்சேன். மய்யித்தோட குறையை வெளிய சொல்லக்கூடாது லா."

"பிடரியில முடிச்சுத் தடம் இருந்துச்சா?"

"ரெட்டை முடிச்சு அழுந்தின தடம்."

வீட்டுப் பொம்பளைக்கு வராத முடிச்சு என்று அவன்தானே சொன்னான். செத்தவள் மானத்தைக் காக்க மூடிய வாய், கொன்றவனை அல்லவா காப்பாற்றியிருக்கிறது! அடுத்தது நான்தானா?

துணிமூட்டையை எடுக்க வீட்டுக்கு ஓடினாள். படகிலிருந்து திரும்பிவிட்ட அஜீஸ் அடுப்படியில் நின்றிருந்தான்.

"அவுத்துடு ரொஸ்னா."

"நீங்க போட்ட முடிச்சுதானே. நீங்களே அவுத்துடுங்க."

அவன் முக்காலி மேல் ஏறினான். கண்ணி அவன் பக்கம் திரும்பியது.

காற்றே இல்லை.

இடப்பக்கம் நகர்ந்தான். அதுவும் நகர்ந்தது.

"சலேஹா," என்றான் கிசுகிசுப்பாக. "பாக்காதே."

அப்படியே குதித்துத் தெருவில் இறங்கி ஓடினான்.

விடிந்தபோது அவன் படகு ஆளில்லாமல் மிதந்துகொண்டிருந்தது. அதிலிருந்த கயிறுகளில் எல்லாம் கண்ணிகள்.

இரவே ஆசியா பீவி வீட்டுக்கு வந்து தங்கிவிட்ட ரொஸ்னா, கொண்டுவந்த துணிமூட்டையைப் பிரிக்கப் போனாள். மூட்டைக் கயிற்றின் நுனியில் ஒரு சின்னக் கண்ணி இருந்தது, இரட்டை முடிச்சோடு. அது வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது, அவளுக்குக் காவல் இருப்பதுபோல.

ரொஸ்னா அதை அவிழ்க்கவில்லை.